எசெக்ஸ் ஆவணக் காப்பகத்தில் ஒரு ஏழைக் குடும்பத்தைத் தேடுவது: 1841-க்கு முன்னால் போக வழி

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் உதவும். உங்கள் கணவருடைய அம்மா வழிக் குடும்பம் இங்கிலாந்தில் எசெக்ஸ் கவுண்டியின் ஒரு கிராமத்தைச் சேர்ந்தது. தலைமுறை தலைமுறையாகப் பண்ணைக் கூலிகள். இணையத்தில் தேடித் தேடி 1841 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரை வந்துவிட்டீர்கள், அதற்கு மேல் நகரவில்லை. செல்ம்ஸ்ஃபோர்டில் இருக்கும் கவுண்டி ஆவணக் காப்பகத்துக்கு ஒரு நாள் போகலாமா என்று யோசிக்கிறீர்கள். "சொத்து இல்லை, உயில் இல்லை, அங்கே போய் என்ன கிடைக்கப்போகிறது?" என்பது உங்கள் சந்தேகம்.

நிறையவே கிடைக்கும். ஏழைக் குடும்பம் என்பதால்தான் கிடைக்கும். 1601-இல் வந்த ஏழைகள் சட்டத்தின்படி, வறியவர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஒவ்வொரு பாரிஷுக்கும் வந்தது. பாரிஷ் என்றால் நம் கத்தோலிக்கர்கள் பங்கு என்கிறார்களே, அதுதான். ஆனால் இங்கிலாந்தில் அது கோயில் எல்லையாக மட்டும் இல்லை. வரி வசூலித்துச் செலவு செய்கிற ஊர் நிர்வாகமாகவும் இருந்தது. ஊர்ப் பணம் ஒருவருக்குச் செலவானால் அவரைப் பற்றி எழுதிவைத்தாக வேண்டும். யாரிடமும் கை நீட்டாமல், வழக்கு வம்பு எதிலும் மாட்டாமல் வாழ்ந்து போன குடும்பத்துக்கு ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் என்று மூன்று வரிதான் மிஞ்சும். கஷ்டப்பட்ட குடும்பத்துக்குப் பக்கம் பக்கமாக மிஞ்சியிருக்கும்.

ஆனால் ஒன்று, அந்தப் பக்கங்கள் பெரும்பாலும் பெயரைத் தட்டினால் வந்து நிற்காது. பதினைந்து வருஷமாக அந்தக் காப்பகத்துக்குப் போய்வருகிறேன், புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: பெயரை விட்டுவிட்டு ஊரைப் பிடியுங்கள். காப்பகத்தின் ஆவண அட்டவணையில் பாரிஷின் பெயரைப் போட்டு, அந்த ஊருக்கு என்னென்ன கட்டுகள் இருக்கின்றன என்று முழுப் பட்டியலையும் எடுங்கள். எசெக்ஸில் பாரிஷ் ஆவணங்களின் குறியீடு டி/பி (D/P) என்று தொடங்கும். உங்கள் ஊருக்கு எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை எது தப்பியிருக்கிறது என்பது தெரிந்தால்தான், எதை எதிர்பார்க்கலாம் என்பதே தெரியும். பக்கத்து ஊருக்கு ஒரு பெட்டி நிறைய இருக்கும், உங்கள் ஊருக்கு ஈரமும் எலியும் போக இரண்டு நோட்டு மிஞ்சியிருக்கும். அதையும் முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

காப்பகத்துக்குக் கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. 1841 கணக்கெடுப்பில் உறவுமுறை கிடையாது. பதினைந்துக்கு மேற்பட்டவர்களின் வயதைக் கீழே உள்ள ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள், அதனால் 39 வயதுக்காரர் 35 ஆகிவிடுவார். பிறந்த இடத்துக்கு "இதே கவுண்டியா, ஆம், இல்லை" என்பதோடு சரி. 1851-இல்தான் உறவும், வயதும், பிறந்த பாரிஷும் வருகின்றன. ஆகவே 1841-இல் பார்த்த அதே ஆளை 1851-இல் கண்டுபிடியுங்கள். அவர் இடையில் இறந்திருந்தால் தம்பியையோ தங்கையையோ பிடியுங்கள். அந்தப் பிறந்த ஊர்தான் காப்பகத்தில் உங்களுக்குச் சாவி.

அதற்குப் பின்னால் பதிவேடுகள். இங்கிலாந்தில் அரசு பிறப்பு, இறப்புப் பதிவு 1837 ஜூலை 1-இல்தான் தொடங்கியது. அதற்கு முன் எல்லாம் கோயில் பதிவேடு. 1538-இல் எட்டாம் ஹென்றியின் காலத்தில் வந்த உத்தரவு அது, ஆனாலும் பல ஊர்களில் எலிசபெத் பட்டமேறிய 1558-ஐ ஒட்டித்தான் ஏடுகள் தொடங்கும். 1813-க்குப் பிறகு அச்சடித்த படிவம் வந்ததால் ஞானஸ்நானப் பதிவில் தகப்பனின் தொழிலும் குடியிருந்த இடமும் இருக்கும், அடக்கப் பதிவில் வயது இருக்கும். அதற்கு முன்னால் போனால் பெயர்கள் மட்டும்தான், அதுவும் குருவானவரின் மனம்போல. 1754 முதல் கல்யாணப் பதிவில் மணமக்களும் சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும். எழுதத் தெரியாதவர் ஒரு சிலுவைக் குறி போட்டிருப்பார். மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசித்த விவரமும் எழுதப்பட்டிருக்கும். மணமகன் வேறு பாரிஷ்காரர் என்றால் அது அங்கே தெரிந்துவிடும். தேதிகளில் ஒரு எச்சரிக்கை: 1752-க்கு முன் அங்கே வருஷம் மார்ச் 25-இல்தான் பிறந்தது. 1730 ஜனவரி என்று எழுதியிருந்தால் நம் கணக்கில் அது 1731 ஜனவரி.

எசெக்ஸ் பதிவேடுகளின் படங்களைக் காப்பகத்தின் தளத்திலேயே சந்தா கட்டிப் பார்க்கலாம். ஆகவே இதற்காக மட்டும் ரயில் ஏற வேண்டியதில்லை. ஆனால் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பாருங்கள், தேடல் முடிவு காட்டும் வரியோடு நிற்காதீர்கள். நான் பட்ட அவஸ்தையைச் சொல்கிறேன். ஒருவருக்காகத் தேடியபோது சரியான பெயர், சரியான ஊர், சரியான வயது என்று ஒரு ஞானஸ்நானம் கிடைத்தது. அதை வைத்து நாலு மாதம் மேலே மேலே போய் இரண்டு தலைமுறை கட்டிவிட்டேன். ஒரு நாள் அடக்கப் பதிவேட்டைச் சும்மா புரட்டிக்கொண்டிருந்தபோது, அதே பெயர், அதே தாய் தகப்பன், இரண்டு வயதுக் குழந்தை என்று ஒரு வரி. நான் யாரைப் பாட்டன் என்று நினைத்தேனோ அவன் பாலகனாகவே போய்ச் சேர்ந்திருக்கிறான். உண்மையான ஆள் மூன்று மைல் தள்ளி அடுத்த பாரிஷில் ஞானஸ்நானம் பெற்றிருந்தார். அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன்: ஒருவரைக் குடும்ப மரத்தில் ஏற்றுவதற்கு முன், அவர் சின்ன வயதில் இறந்துவிடவில்லை என்று அடக்கப் பதிவில் உறுதி செய்துகொள்வேன். ஞானஸ்நானமே காணவில்லை என்றால், அவர்கள் ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சேராத சபையாராக இருந்திருக்கலாம். எசெக்ஸில் அப்படிப்பட்டவர்கள் நிறைய. அந்தச் சபைகளின் பழைய ஏடுகள் பல 1837-க்குப் பிறகு அரசிடம் ஒப்படைக்கப்பட்டு, இப்போது லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

சரி, இப்போது நீங்கள் நேரில் போய்ப் பார்க்க வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன்.

1662-இல் குடியிருப்பு உரிமைச் சட்டம் ஒன்று வந்தது. ஒவ்வொரு மனிதனுக்கும் சட்டப்படி ஒரு சொந்த பாரிஷ் உண்டு, கஷ்டம் வந்தால் அந்த பாரிஷ்தான் சோறு போட வேண்டும் என்பது அதன் சாரம். குழந்தைக்குத் தகப்பனின் பாரிஷ், மனைவிக்குப் புருஷனின் பாரிஷ். கல்யாணமாகாதவன் ஒரு முழு வருஷம் ஒரே பண்ணையில் வேலைக்கு இருந்தால் அந்த ஊர் அவனுக்குச் சொந்தமாகும். தொழில் பழக ஒப்பந்தமாகிப் போனாலும், வருஷம் 10 பவுண்டு வாடகைக்கு வீடோ நிலமோ பிடித்தாலும் ஆகும். இதனால் சில பண்ணையார்கள் ஒரு வருஷம் முழுதாக அமர்த்தாமல் 51 வாரத்துக்கு அமர்த்தி அனுப்பிவிடுவார்கள். ஊருக்குச் சுமை ஏறக்கூடாதே!

ஒரு குடும்பம் வேறு ஊரில் இருக்கும்போது நொடித்துப்போனால், அந்த ஊர்க்காரர்கள் அவனை இரண்டு மாஜிஸ்திரேட்டுகள் முன் நிறுத்தி விசாரிப்பார்கள். அந்த வாக்குமூலம்தான் நீங்கள் தேடிப்போக வேண்டிய பொக்கிஷம். ஒரே ஒரு தாள். பாதி மடித்த தடம், ஓரத்தில் பழுப்பு. எந்த ஊரில் பிறந்தேன் என்று கேள்விப்பட்டேன், எத்தனை வயதில் யாரிடம் வேலைக்குச் சேர்ந்தேன், செப்டம்பர் 29 மைக்கேல் திருநாளிலிருந்து அடுத்த மைக்கேல் திருநாள் வரை இருந்தேனா, என்ன கூலி, அப்புறம் எங்கே போனேன், எந்தக் கோயிலில் எப்போது கல்யாணம், மனைவி பெயர், பிள்ளைகள் பெயர், ஒவ்வொரு பிள்ளைக்கும் வயது. கடைசியில் அந்த ஆளின் சிலுவைக் குறி. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கூலியாள் தன் வாழ்க்கையைத் தானே சொல்ல, குமாஸ்தா ஒருவர் எழுதிக்கொண்ட காகிதம் அது. அந்த மனிதர் தன்னைப் பற்றிச் சொன்ன வேறு எதுவும் இந்த உலகத்தில் இருக்கப்போவதில்லை. முதல் தடவை அப்படி ஒன்றைக் கையில் வைத்திருந்தபோது அந்தக் குறியில் மை கொஞ்சம் திரண்டு காய்ந்திருந்ததைப் பார்த்தேன். பேனாவை அழுத்திப் பிடித்திருக்கிறார். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விசாரணை முடிந்ததும் பெரும்பாலும் வெளியேற்ற உத்தரவு வரும். இதில் மனம் கனக்கும் விஷயங்கள் உண்டு. புருஷன் இறந்ததும் விதவையையும் பிள்ளைகளையும் அவனுடைய சொந்த பாரிஷுக்கு அனுப்புவார்கள். அவள் அந்த ஊரைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டாள். உங்கள் தேடலுக்கு இதில் ஒரு உபயோகம்: உத்தரவின் பிரதி அனுப்பிய ஊரின் பெட்டியிலும் இருக்கலாம், வாங்கிக்கொண்ட ஊரின் பெட்டியிலும் இருக்கலாம். ஒன்றில் இல்லை என்றால் மற்றதில் பாருங்கள். வாங்கிக்கொள்ள மறுத்த ஊர் மேல்முறையீடு செய்திருந்தால், அது ஆண்டுக்கு நான்கு முறை கூடிய கவுண்டி நீதிமன்றத்தின் கட்டுகளுக்குப் போயிருக்கும்.

உங்கள் மரத்தில் தகப்பன் பெயர் இல்லாத பிள்ளை யாராவது இருந்தால், இதே பெட்டியில் இன்னொரு வகைக் காகிதம் உண்டு. ஞானஸ்நானப் பதிவில் தாயின் பெயரை மட்டும் எழுதி விட்டுவிடுவார்கள். ஆனால் பிள்ளை வளர்க்கும் செலவு ஊர் தலையில் விழக்கூடாது என்பதால், தகப்பன் யார் என்று தாயிடம் சத்தியம் வாங்கி, அவனிடம் பணம் கட்ட எழுதி வாங்குவார்கள். 200 வருஷமாகக் குடும்பத்தில் யாருக்கும் தெரியாத பெயர் அந்தத் தாளில் இருக்கலாம். இதைக் கண்டுபிடித்தால் வயதானவர்களிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

அடுத்தது ஏழைகள் கணக்கு நோட்டு. ஆண்டுக்கு ஒருமுறை, ஈஸ்டரை ஒட்டி, ஊரில் இரண்டு பேரையாவது இதற்கென்று நியமிப்பார்கள். ஓவர்சியர் என்று பெயர். நம் பொதுப்பணித் துறை ஓவர்சியரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இவர் சம்பளமில்லாமல் ஏழை வரி வசூலித்துப் பட்டுவாடா செய்கிற விவசாயி. என் தாத்தா ஊர்க் கர்ணமாக இருந்தவர். 1980-இல் தமிழ்நாட்டில் கர்ணம் பதவியை எடுக்கும் வரை வீட்டில் கணக்குக் கட்டுகள் கிடந்தன. அதனாலோ என்னவோ, இந்த ஓவர்சியர் நோட்டுகளைத் திறந்தால் எனக்குச் சொந்த வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். இன்ன விதவைக்கு வாரப்படி. இன்னாருடைய பையனுக்கு ஒரு ஜோடி பூட்ஸ். உள்சட்டைக்குத் துணி. விறகு. மருத்துவச்சிக்குக் கூலி. அம்மை கண்ட வீட்டில் கூட இருந்து பார்த்துக்கொண்டவளுக்கு. சவப்பெட்டி, குழி வெட்டு. எழுதியவர் பேச்சு எப்படியோ அப்படியே எழுத்துக்கூட்டியிருப்பார், வாய்விட்டுப் படித்தால் புரிந்துவிடும்.

இந்த நோட்டில் உங்கள் குடும்பப் பெயரை மட்டும் தேடிப் பொறுக்காதீர்கள். இரண்டு, மூன்று வருஷத்தை முழுதாகப் படியுங்கள். எந்தக் குளிர்காலத்தில் வாரப்படி வாங்குவோர் எண்ணிக்கை ஏறுகிறது, உங்கள் ஆள் எந்த மாதத்திலிருந்து வரிசையில் வருகிறார், வாரப்படி எப்போது நிற்கிறது என்று பாருங்கள். நின்ற வாரத்துக்கு அடுத்து சவப்பெட்டிச் செலவு இருந்தால் காரணம் தெரிந்துவிடும். 1834-இல் சட்டம் மாறிப் பல பாரிஷ்களைச் சேர்த்து யூனியன் ஆக்கி, பெரிய ஏழை விடுதிகளைக் கட்டினார்கள். அதிலிருந்து ஊர் நோட்டு வற்றிவிடும், யூனியன் கட்டுகளைக் கேட்க வேண்டும்.

வீடு எங்கே இருந்தது என்று பார்க்க ஆசை இருக்கும். அதற்குத் தசமபாக வரைபடம். கோயிலுக்கு விளைச்சலில் பத்தில் ஒன்று கொடுத்த வழக்கத்தை 1836-இல் பணமாக மாற்றியபோது, ஊர் ஊராக அளந்து வரைபடம் போட்டார்கள். ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரு எண், கூடவே ஒரு அட்டவணை: நிலத்துக்காரர் யார், அனுபவிப்பவர் யார், வயலின் பெயர் என்ன, உழவா புல்லா, எத்தனை ஏக்கர். நம் ஊர் சர்வே எண்ணும் அ பதிவேடும் பார்த்துப் பழகியவர்களுக்குச் சொல்லித்தரவே வேண்டாம். இந்த வரைபடங்கள் பெரும்பாலும் அதன் பிந்தைய பதினைந்து வருஷத்துக்குள் வந்தவை, அதாவது உங்கள் 1841 குடும்பம் அந்த ஊரில் இருந்த அதே காலம். கூலிக்காரர்களின் குடிசைகளை "இன்னாரும் மற்றவர்களும்" என்று மொத்தமாகப் போட்டுவிடுவதும் உண்டு. அப்படியானாலும் 1841 கணக்கெடுப்பில் முன்னும் பின்னும் உள்ள வீடுகளின் பெயர்களை வரைபடத்தில் குறித்துக்கொண்டே போனால், கணக்கெடுத்தவர் நடந்த பாதை தெரியும். உங்கள் வீடு அந்தப் பாதையில் எங்கோ இருக்கிறது.

பழைய எசெக்ஸ் இப்போதைய எசெக்ஸைவிடப் பெரியது என்பதையும் மறக்க வேண்டாம். 1965-இல் கிரேட்டர் லண்டனுக்குள் போகும் வரை, நம் தமிழர்கள் இத்தனை பேர் வசிக்கும் ஈஸ்ட் ஹாம், இல்ஃபோர்ட், வால்தம்ஸ்டோ எல்லாம் எசெக்ஸின் பகுதிகள்தான். ஈஸ்ட் ஹாமில் குடியிருப்பவர்கள் தங்கள் தெருவுக்கு முன்னால் அங்கே என்ன வயல் இருந்தது என்று இதே மாதிரி வரைபடத்தில் பார்க்கலாம். அங்குள்ள மேரி மக்தலேனா கோயில் 12-ஆம் நூற்றாண்டுக் கட்டடம்.

பிள்ளைகள் வழியாகவும் ஒரு கதவு திறக்கும். 1860-களிலிருந்து அரசு மானியம் வாங்கிய பள்ளிகளில் தலைமையாசிரியர் குறிப்பேடு எழுதியாக வேண்டும். பட்டாணி பறிக்கப் போய்விட்டார்கள், அறுவடை முடிந்து சிந்திய கதிர் பொறுக்கப் போய்விட்டார்கள், பாதி வகுப்பு காலி என்ற மாதிரி வரிகளை அதில் பார்ப்பீர்கள். உங்கள் மாமியாரின் பாட்டி பெயர் இல்லாமல் போனாலும் அவர் குழந்தைப்பருவம் அதில் இருக்கும்.

கடிதத்தின் கடைசியில், குடும்பத்தில் ஒருவர் மதராஸில் சிப்பாயாக இருந்ததாக ஒரு பேச்சு உண்டு என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு செல்ம்ஸ்ஃபோர்டில் தேடாதீர்கள். லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள இந்தியா அலுவலக ஆவணங்களில், மதராஸ் மாகாணத்தின் ஞானஸ்நான, கல்யாண, அடக்கப் பிரதிகள் என்/2 (N/2) என்ற வரிசையில் இருக்கின்றன. கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் இருந்தாரா, பிரிட்டிஷ் ராஜாங்கப் படையில் இருந்தாரா என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். பின்னது என்றால் கியூவுக்குப் போக வேண்டும். அங்கே பிறந்த பிள்ளைகளின் பதிவில் தாயின் பெயர் சில சமயம் இருக்காது, அல்லது ஞானஸ்நானப் பெயர் மட்டும் இருக்கும். அந்தத் தாய் நம் ஊர்ப் பெண்ணாகவும் இருந்திருக்கலாம். அப்படி ஒரு வரி வந்தால் தவறவிடாதீர்கள்.

போகும் நாளைப் பற்றி. வாசிப்பறையில் இடத்தையும் வேண்டிய ஆவணங்களையும் முன்பதிவு செய்ய முடியுமா, என்ன அடையாளச் சான்று வேண்டும், படம் எடுக்கக் கட்டணம் உண்டா என்பதை முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பேனா உள்ளே கூடாது, பென்சில் இரண்டு எடுத்துப் போங்கள். பழைய நோட்டைப் பஞ்சுத் தாங்கியில் சாய்த்து வைத்து, துணிக்குள் எடை தைத்த கயிறு ஒன்றைப் பக்கத்தின் மேல் போட்டுப் படிக்கச் சொல்வார்கள். காகிதத்துக்குக் கையுறை தேவையில்லை, கழுவிக் காய்ந்த கை போதும். ஒரு நாளைக்கு ஒரே பாரிஷ், அதில் குடியிருப்பு உரிமைக் காகிதங்களும் கணக்கு நோட்டும் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதற்கே மாலையாகிவிடும். எடுத்த ஒவ்வொரு படத்துக்கும் ஆவணக் குறியீட்டைக் கூடவே எழுதுங்கள். தேடிக் கிடைக்காததையும், எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை தேடினீர்கள் என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வருஷம் அதே நோட்டை மறுபடி கேட்டு வாங்குவீர்கள். மேசையில் இருக்கும் காப்பாளர்களிடம் தயங்காமல் கேளுங்கள், எழுத்து புரியவில்லை என்றால் கூட வந்து பார்ப்பார்கள்.

1851-இல் பிறந்த ஊர் என்னவென்று போட்டிருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள். அந்த பாரிஷுக்கு என்ன தப்பியிருக்கிறது என்று அட்டவணையில் பார்த்து, எந்தக் கட்டை முதலில் கேட்கலாம் என்று சொல்கிறேன்.